பார்சலில் வந்த கம்ப்யூட்டர்!

குழந்தைகளே, கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஒரு கம்பெனிக்குப் பணம் அனுப்புகிறீர்கள். சில வாரங்கள் கழித்து வீட்டுக்குப் பார்சல் வருகிறது. ஆசை ஆசையாகப் பிரித்துப் பார்த்தால், உள்ளே கம்ப்யூட்டரையே காணோம்! ஒரு காலிப் பெட்டி, சில பச்சைப் பலகைகள், கவர் கவராக ரெசிஸ்டர், கண்டன்சர், சிப், சுவிட்ச், குட்டிக் குட்டி சிவப்பு விளக்குகள், கூடவே ஒரு புத்தகம். எதை எங்கே வைத்து சால்டரிங் செய்ய வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. மற்றதெல்லாம் உங்கள் வேலை!

யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று அழுவீர்கள்தானே? ஆனால், 1975ல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படி ஒரு பார்சல் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்தபடி காத்துக் கிடந்தார்கள். அந்தப் பார்சலின் பெயர் 'ஆல்டேர் 8800'. அதன் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். கதை முடிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரின் ஒரு சின்னத் துண்டை நாமே வீட்டில் செய்து பார்க்கலாம். பயப்படாதீர்கள், இரண்டு டார்ச் செல் போதும்.

கடனில் மூழ்கிய கம்பெனி

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் பெரிய அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மட்டுமே இருக்கும். ஆளுயர பீரோக்கள் போல நிற்கும். வீட்டில் ஒன்று வைத்துக் கொள்ளலாம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி என்று ஓர் ஊர். அங்கே எட் ராபர்ட்ஸ் என்ற இன்ஜினியர், நண்பர்களோடு சேர்ந்து 1969ல் 'மிட்ஸ்' என்ற சிறிய கம்பெனியைத் தொடங்கினார். முதலில் பொம்மை ராக்கெட்டுகளுக்கான மின்னணுக் கருவிகளைச் செய்து விற்றார்கள். பிறகு கால்குலேட்டர். அது நன்றாக விற்றது. ஆனால், பெரிய கம்பெனிகள் கால்குலேட்டர் செய்ய இறங்கியதும் விலை மளமளவென்று சரிந்தது. ராபர்ட்ஸ் உதிரி பாகம் வாங்கும் விலைக்கே பெரிய கம்பெனிக்காரர்கள் முழுக் கால்குலேட்டரை விற்றால் அவர் எங்கே போவார்? 1974ல் அவர் கம்பெனிக்குச் சுமார் 3 லட்சம் டாலர் கடன்.

அந்த வருடம்தான் இன்டெல் கம்பெனி '8080' என்ற சிப்பை வெளியிட்டது. ஒரு கம்ப்யூட்டரின் மூளை முழுவதும் விரல் நீளச் சில்லுக்குள் அடங்கிவிட்டது! தனியாக ஒன்று வாங்கினால் 360 டாலர். மொத்தமாக வாங்குகிறேன் என்று பேரம் பேசி, ஒன்று 75 டாலருக்கு வாங்கிக் கொண்டார் ராபர்ட்ஸ். அதனால்தான், முழுக் கம்ப்யூட்டருக்கான பாகங்களையும் 397 டாலருக்கு விற்க முடியும் என்று அவரால் அறிவிக்க முடிந்தது. அன்றைய ரூபாய்க் கணக்கில் சுமார் 3,300.

ஆனால், இன்னும் கடன் வாங்க வேண்டும். ஏற்கனவே மூழ்கிக் கொண்டிருக்கும் கம்பெனிக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? ஒரு வருடத்தில் 200 விற்றாலே தப்பித்துவிடலாம் என்ற நிலை. 800 விற்பேன் என்று வங்கியில் துணிந்து சொன்னார். கடன் கிடைத்தது.

அட்டைப்படத்தில் காலிப் பெட்டி!

'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்று ஒரு மாத இதழ். வீட்டிலேயே ரேடியோ, மணி, அலாரம் எல்லாம் செய்து பார்க்கிறவர்கள் விரும்பிப் படிக்கும் இதழ். அதன் 1975 ஜனவரி இதழின் அட்டையில் ஆல்டேர் கம்ப்யூட்டரின் படத்தைப் போடுவது என்று முடிவானது. ராபர்ட்சும் அவரது கூட்டாளி பில் யேட்சும் இரவு பகலாக உழைத்து ஒரே ஒரு கம்ப்யூட்டரைச் செய்து முடித்து, ரயில் பார்சலில் நியூயார்க்குக்கு அனுப்பினார்கள்.

பார்சல் போய்ச் சேரவில்லை. வழியில் தொலைந்தே போய்விட்டது!

இதழ் அச்சாக வேண்டிய நாள் நெருங்குகிறது. இன்னொன்று செய்ய நேரமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? வெளிப்பெட்டியை மட்டும் தயார் செய்து, முகப்பில் சுவிட்சுகளையும் விளக்குகளையும் பொருத்தி அனுப்பிவிட்டார்கள். உள்ளே ஒன்றும் கிடையாது. கம்ப்யூட்டர் வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற அந்த அட்டைப்படத்தில் இருப்பது வெறும் காலிப் பெட்டிதான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மக்கள் பணம் அனுப்பினார்கள்! நல்ல வேளை, ராபர்ட்ஸ் சொன்னபடி மீண்டும் செய்து காட்டினார். பிப்ரவரியிலேயே சுமார் 1,000 பேர் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்டு முடிவதற்குள் 5,000 ஆல்டேர் வெளியே போய்விட்டது. கம்பெனி பிழைத்தது.

சரி, அத்தனை பேர் ஆசைப்பட்ட அந்தக் கம்ப்யூட்டர் எப்படி இருந்தது? கீபோர்டு கிடையாது. மானிட்டர் கிடையாது. மவுஸ் பற்றிக் கேட்கவே வேண்டாம். முகப்பில் 25 சுவிட்ச், 36 சிவப்பு விளக்கு. அவ்வளவுதான். அதன் நினைவகம் 256 பைட். அதாவது, 256 ஆங்கில எழுத்துகளுக்கு மேல் அதற்கு ஞாபகம் இருக்காது. உங்கள் பள்ளி லீவ் லெட்டரைக்கூட முழுசாக வைத்துக் கொள்ளாது!

இரண்டு எண்களைக் கூட்டச் சொல்ல வேண்டும் என்றால், சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஒவ்வொரு கட்டளையாக உள்ளே அனுப்ப வேண்டும். கூட்டலுக்கு மட்டும் இப்படி 14 முறை. ஒரு சுவிட்ச் தவறினாலும் முதலிலிருந்து சரி பார்க்க வேண்டும். விடை விளக்காக எரியும். கரன்ட் போனால் எல்லாம் மறந்துவிடும்.

ரேடியோவில் வந்த பாட்டு

1975 மார்ச்சில் கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், ஒருவர் வீட்டு கார் ஷெட்டில் 32 பேர் கூடினார்கள். எல்லாரும் கம்ப்யூட்டர் செய்து பார்க்கும் பைத்தியங்கள். 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' என்று பெயர் வைத்துக் கொண்டார்கள். ஒருவர் கண்டுபிடித்ததை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்பதுதான் அங்கே வழக்கம்.

அடுத்த மாதம் ஸ்டீவ் டாம்ப்பியர் என்ற உறுப்பினர் தன் ஆல்டேரைத் தூக்கிக் கொண்டு கூட்டத்துக்கு வந்தார். கூடவே ஒரு சின்ன ரேடியோ. மெதுவாக ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிக் கொண்டே இருந்தார். எல்லாம் முடியும் நேரத்தில் யாரோ ஓடிய ஓட்டத்தில் வயர் பிடுங்கிக் கொண்டது. அத்தனையும் அழிந்து போயிற்று. மனிதர் சளைக்கவில்லை. முதலிலிருந்து மறுபடியும் தட்டினார். பிறகு ரேடியோவைப் பெட்டியின் மேல் வைத்தார்.

ரேடியோவில் பாட்டு வந்தது! பீட்டில்ஸ் குழுவின் பாட்டு ஒன்றின் மெட்டு. ஆல்டேரில் ஸ்பீக்கரே கிடையாது. ரேடியோவுக்கும் அதற்கும் வயர் இணைப்பும் கிடையாது. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். பாட்டு எங்கிருந்து வந்தது?

சிப்புக்குள் மின்சாரம் ஒரு நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஓடி நிற்கிறது. அப்படி ஓடி நிற்கும் போதெல்லாம் மெல்லிய ரேடியோ அலை கிளம்பும். பக்கத்தில் உள்ள ரேடியோ அதைப் பிடித்துக் கரகரக்கும். கம்ப்யூட்டர் ஒரே வேலையைச் சீக்கிரம் சீக்கிரம் திரும்பச் செய்தால் கரகரப்பு கீச்சென்று ஒலிக்கும், மெதுவாகச் செய்தால் தடித்த குரலில் ஒலிக்கும். டாம்ப்பியர் தன் வீட்டில் ஆல்டேரில் ஒரு கணக்கை ஓட்டிக் கொண்டே ரேடியோவில் வானிலைச் செய்தி கேட்ட போது இதைக் கவனித்தார். நம்மில் பலர் 'சே, ரேடியோ சரியில்லை' என்று தள்ளி வைத்திருப்போம். அவர் எந்த வேலைக்கு எந்தச் சுரம் வருகிறது என்று எழுதிப் பட்டியலே போட்டுவிட்டார்.

உங்கள் வீட்டில் மீடியம் வேவ் ரேடியோ இருந்தால், நிலையம் எதுவும் வராத இடத்தில் முள்ளை வைத்து, எல்.இ.டி. விளக்கின் அருகிலோ மொபைல் சார்ஜரின் அருகிலோ கொண்டு போங்கள். இரைச்சல் மாறும். அதே அலைதான்.

அந்த முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஸ்டீவ் வோஸ்னியாக் என்ற கூச்ச சுபாவமுள்ள இளைஞரும் ஒருவர். 8080 சிப் அவருக்குக் கட்டுப்படியாகாத விலை. அதனால் 25 டாலருக்குக் கிடைத்த வேறொரு சிப்பை வைத்து, சுவிட்சுகளுக்குப் பதில் கீபோர்டும் விளக்குகளுக்குப் பதில் டிவியும் இணைக்கும் கம்ப்யூட்டரை வடிவமைத்தார். அந்தப் படத்தைப் பிரதி எடுத்துக் கிளப்பில் இலவசமாகக் கொடுத்தார். அதுதான் 1976ல் 'ஆப்பிள் 1' ஆனது.

ஆல்டேரின் அட்டைப்படத்தைப் பார்த்த இன்னும் இரண்டு பேர் பால் ஆலனும் பில் கேட்சும். ஆல்டேரைக் கண்ணால் பார்க்காமலேயே, வேறொரு பெரிய கம்ப்யூட்டரை ஆல்டேர் போல நடிக்க வைத்து, அதில் 'பேசிக்' என்ற கணினி மொழியை எழுதினார்கள். அதை எடுத்துக் கொண்டு ஆலன் ஆல்புகர்க்கிக்கு விமானம் ஏறினார். பாதி வழியில்தான், அந்த மொழியை ஆல்டேருக்குள் ஏற்றுவதற்கான சிறு நிரலை எழுதவே இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. விமானத்திலேயே காகிதத்தில் எழுதி முடித்தார். ஒரு தவறு இருந்தாலும் எல்லாம் போச்சு. ஆல்டேரில் போட்டு, இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டார்கள். 4 என்றது! அந்த இருவரும் 1975 ஏப்ரலில் தொடங்கிய கம்பெனிதான் மைக்ரோசாப்ட்.

எட் ராபர்ட்ஸ் என்ன ஆனார்? சிறு வயதில் அவருக்கு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. 1977ல் கம்பெனியை விற்றுவிட்டு ஜார்ஜியா மாநிலத்துக்குப் போனார். 40 வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1986ல் பட்டம் வாங்கி, காக்ரன் என்ற சிறிய ஊரில் டாக்டராக இருந்தார். 2010ல் அவர் நோய்வாய்ப்பட்டிருந்த போது பில் கேட்ஸ் நேரில் போய்ப் பார்த்தார்.

நாமும் செய்வோம்

ஆல்டேரின் ஒரு சுவிட்ச், ஒரு விளக்கு. இதுதான் நம் முதல் வேலை. தேவையானவை: சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, இரண்டு சின்ன டார்ச் செல், அவற்றை வைக்கும் பிளாஸ்டிக் ஹோல்டர், கொஞ்சம் வயர், தடித்த அட்டை, டிராயிங் பின், பிளாஸ்டிக் பூச்சு இல்லாத ஜெம் கிளிப். எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் கடைகளில் எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். சென்னைக் குழந்தைகளுக்கு ரிச்சி தெரு இருக்கிறது, கவலையே இல்லை! 100 ஓம் ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று மூன்று வளையங்களும் ஓரத்தில் ஒரு தங்க நிற வளையமும் இருக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். சுவரில் உள்ள பிளக்கை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. பழைய டிவி, யு.பி.எஸ்., சார்ஜர் எதையும் பிரிக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். காசு போல வட்டமாக இருக்கும் பொத்தான் பேட்டரியும் வேண்டாம். வீட்டில் உள்ள தம்பி, தங்கை அதை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக் குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். அப்படி நடந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இப்போது வேலை. அட்டையில் இரண்டு டிராயிங் பின்களை ஜெம் கிளிப் எட்டும் தூரத்தில் குத்துங்கள். ஒரு பின்னில் கிளிப்பை மாட்டிவிடுங்கள், அது கதவு போலத் திரும்ப வேண்டும். திருப்பி அடுத்த பின்னைத் தொட வைத்தால் சுவிட்ச் ஆன். விலக்கினால் ஆப். செல்லின் பிளஸ் முனையிலிருந்து வரும் வயரை ரெசிஸ்டரின் ஒரு காலோடு முறுக்குங்கள். ரெசிஸ்டரின் மறு கால் எல்.இ.டி.யின் நீளமான காலுக்கு. எல்.இ.டி.யின் குட்டைக் காலிலிருந்து ஒரு வயர் முதல் பின்னுக்கு. இரண்டாவது பின்னிலிருந்து செல்லின் மைனசுக்கு. முறுக்கிய இடங்களில் டேப் ஒட்டிவிடுங்கள்.

விளக்கு எரியவில்லையா? எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதில் மின்சாரம் ஒரு பக்கமாகத்தான் போகும். ரெசிஸ்டர் எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு செல்லும் சேர்ந்து 3 வோல்ட். சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். மீதியை ரெசிஸ்டர் தாங்கிக் கொள்ளும். அது இல்லாவிட்டால் விளக்கு கருகிப் போகலாம்.

இதே போல நான்கு செய்து வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனி ரெசிஸ்டர், தனி கிளிப். செல் மட்டும் பொது. வலது ஓரத்து விளக்கின் கீழே 1 என்று எழுதுங்கள். அடுத்தடுத்து இடப்பக்கமாக 2, 4, 8. எரியும் விளக்குகளின் எண்களைக் கூட்டினால் விடை. 4ம் 1ம் எரிந்தால் 5. 8ம் 4ம் 1ம் எரிந்தால் 13. எதுவும் எரியாவிட்டால் 0, எல்லாம் எரிந்தால் 15. உங்கள் வயதை எரிய வைத்து, நண்பனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆல்டேர் விடை சொன்னதும் இப்படித்தான்.

மாடிப்படியில் ஒரு கூட்டல்

விளக்கு எண்ணைக் காட்டும், சரி. கூட்டல் எப்படிப் போடும்?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மாடிப்படி விளக்கைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் விளக்கு மாறும். இரண்டையும் தட்டினால் பழைய நிலைக்கே வந்துவிடும். இதைக் கணக்காக எழுதிப் பார்ப்போம். ஒரு சுவிட்சும் தட்டவில்லை, 0. ஒன்று மட்டும் தட்டினால், 1. இரண்டும் தட்டினால் மறுபடி 0.

இப்போது இன்னொரு விளக்கை நினைத்துக் கொள்ளுங்கள். சுவரில் பிளக் சுவிட்ச், மிக்சியில் இன்னொரு சுவிட்ச். இரண்டும் போட்டால்தான் மிக்சி ஓடும், இல்லையா? அது போல இரண்டு சுவிட்சும் ஆனாக இருந்தால் மட்டும் எரியும் விளக்கு அது. மிக்சி விளக்கை இடப்பக்கம் '2' என்ற இடத்திலும், மாடிப்படி விளக்கை வலப்பக்கம் '1' என்ற இடத்திலும் வையுங்கள். ஒரு சுவிட்ச் மட்டும் போட்டால் வலது விளக்கு எரியும்: 1. இரண்டும் போட்டால் வலது அணைந்து இடது எரியும்: 2. ஒன்றும் ஒன்றும் இரண்டு! இரண்டாம் வகுப்பில் 'மீதி ஒன்று கையில்' என்று சொல்லித் தருவோமே, அந்தக் கையில் இருக்கும் ஒன்றுதான் மிக்சி விளக்கு.

இதையும் கிளிப்பால் செய்யலாம். மாடிப்படி சுவிட்சுக்கு, கிளிப் திரும்பும் பின்னுக்கு எதிரே மேலே ஒரு பின், கீழே ஒரு பின். இப்படி இரண்டு சுவிட்ச் செய்து, முதலாவதின் மேல் பின்னை இரண்டாவதின் கீழ் பின்னோடும், கீழ் பின்னை மேல் பின்னோடும் குறுக்காக வயரால் இணைக்க வேண்டும். கிளிப் திரும்பும் இரண்டு பின்களில் ஒன்று விளக்குக்கும் மற்றொன்று செல்லின் மைனசுக்கும் போகும். மேலே தள்ளினால் 1, கீழே தள்ளினால் 0 என்று வைத்துக் கொள்ளுங்கள். மிக்சி விளக்குக்கு வேறு இரண்டு சாதா கிளிப் சுவிட்சுகளை ஒன்றன் பின் ஒன்றாக இணைத்தால் போதும். ஆக, ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு கிளிப். நீங்கள் ஓர் எண், நண்பன் ஓர் எண்; அவரவர் இரண்டு கிளிப்பையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். மாடிப்படி விளக்கு முதல் முயற்சியிலேயே வந்துவிட்டால் நீங்கள் கெட்டிக்காரர். பலருக்கு அந்தக் குறுக்கு வயர் தகராறு செய்யும். பென்சிலால் முதலில் படம் போட்டு, மின்சாரம் போகும் வழியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வயரைத் தொடுங்கள்.

8080 சிப்புக்குள் இருந்ததும் இத்தகைய சுவிட்சுகள்தான், சில ஆயிரம். கிளிப்புக்குப் பதில் டிரான்சிஸ்டர். கையால் தள்ள வேண்டாம், ஒரு சுவிட்ச் இன்னொரு சுவிட்சைத் தள்ளும். இன்று அப்பாவின் கைபேசியில் உள்ள சிப்பில் அதே சுவிட்சுகள் பல நூறு கோடி இருக்கின்றன.

ஒரு கேள்வி. நான்கு விளக்கால் 0 முதல் 15 வரை 16 எண்களைக் காட்டினோம். ஐந்தாவது விளக்கைச் சேர்த்தால் 32 எண்கள். ஆல்டேரின் முகப்பில், நினைவகத்தின் முகவரியைக் காட்டுவதற்கு மட்டும் 16 விளக்குகள் வரிசையாக இருந்தன. அவை மொத்தம் எத்தனை எண்களைக் காட்டும்? கால்குலேட்டர் இல்லாமல் கண்டுபிடியுங்கள்.

(விடை: 65,536)